பாத்திரச் சந்தை முக்கு

“அப்பா, நின்ன இடத்தை விட்டு நகராதீங்க. பக்கத்துல என்ன தெரியுது, அதை மட்டும் சொல்லுங்க.”

கைபேசியைக் காதில் வைத்தபடியே அவள் கடைக்குள் வந்தாள். பெய்ரூத்தின் பழைய புகைப்படங்களும் வரைபடங்களும் விற்கிற கடை அது. கடைக்கார முனீர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“மாமா, போருக்கு முந்தின வரைபடம் இருக்கா? காலையிலேர்ந்து அப்பாவைக் காணோம். பாத்திரச் சந்தை முக்குல, ஜல்லாப் சர்பத் விக்கிறவன் பக்கத்துல நிக்கிறேங்கறார். நான் அந்தச் சந்தையைக் கண்ணால பாத்ததுகூட இல்ல.”

“எப்படிப் பாப்பே? குண்டு போட்டு மிச்சம் வெச்சதை, கட்டடம் கட்டுறேன்னு வந்தவனுங்க முழுங்கிட்டானுங்க.” முனீர் முணுமுணுத்துக்கொண்டே வரைபடத்தை விரித்தார். “அப்பா பேரு?”

“அபூ நஜ்லா.”

எங்கள் ஊரில் பிள்ளை பிறந்ததும் அப்பனின் சொந்தப் பெயர் காணாமல் போய்விடும். நஜ்லாவின் அப்பா என்றால் அபூ நஜ்லா, அவ்வளவுதான்.

முனீர் கைபேசியை வாங்கினார். “அபூ நஜ்லா, ஜல்லாப்காரனுக்கு அடுத்தாப்ல என்ன கடை?”

“விளக்குக் கடை. கோப்பையை வாங்கறதுக்காகப் புள்ள கையை விட்டேன் தம்பி. அந்த நேரம் பாத்துச் சுட ஆரம்பிச்சுட்டாங்க. திரும்பினா அவளைக் காணோம். அஞ்சு வயசு, மஞ்சச் சட்டை. அவ இல்லாம எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன்?”

முனீர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அங்கே தொங்கிய ஒரு படத்தில் அந்த விளக்குக் கடை இருந்தது. பின்னால் தெரிந்த பள்ளிவாசல் மினார் மட்டும் இன்றைக்கும் அதே இடத்தில் நிற்கிறது. அதை வைத்து வரைபடத்தில் விரலை ஓட்டினார்.

“இப்போ பெரிய கைக்கடிகாரக் கடை இருக்குல்ல, அதோட வாசல்தான். ஓடு, கூட்டிட்டுப் போ.”

அவள் கைபேசியை வாங்கினாள். “அப்பா, நஜ்லா கிடைச்சுட்டா. வீட்டுல இருக்கா. நான் வந்துட்டே இருக்கேன், அங்கேயே நில்லுங்க.”

மறுமுனையில் அந்தப் பெரியவர் விம்மி விம்மி அழுதது முனீருக்கும் கேட்டது. அவர் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது.

“இதை வீட்டுல மாட்டு. அன்னிக்கே நீ கிடைச்சது மனுஷனுக்கு மறந்தேபோச்சு பாரு நஜ்லா. உன்கிட்டயே உன்னைத் தேடச் சொல்றார்.”

அவள் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்று, திரும்பாமலே சொன்னாள்.

“நஜ்லா தொலைஞ்சப்புறம் பொறந்தவ மாமா நான்.”