கோதுமை ஆகாத வயிறு

மூன்று வயது மகிழனின் வயிறு மறுபடியும் பானைபோல் உப்பிக் கிடந்தது.

"ஏனுங்க நங்கை, கோதுமை ஆகாத புள்ளைக்குப் பிஸ்கட் குடுத்தீங்களா?" என்று நாத்தனார் கண்ணாத்தாள் மேல் பாய்ந்தாள் அறிவுச்செல்வி.

"சத்தியமா இல்ல அம்மிணி. தூக்கிக் கொஞ்சுனதோட சரி."

அறிவுச்செல்வி உதட்டைச் சுழித்தாள். பொழுதெல்லாம் தறி ஓட்டுகிறவளுக்கு மைதாவும் கோதுமைதான் என்று எங்கே தெரியப்போகிறது? பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கிற ஜென்மமா இது? எம்.எஸ்சி. படித்த அறிவுச்செல்வி, ரவை சேமியாவைக்கூட வீட்டுப் பக்கம் அண்டவிடாதவள்.

"எம்புள்ள வகுறு சரியாகற வரைக்கும் நீங்க இந்தப் பக்கமே வராதீங்க!"

கண்ணாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் ஊரான இளம்பிள்ளைக்குப் பஸ் ஏறினாள்.

பீடை ஒழிந்தது என்று, அறிவுச்செல்வி வழக்கம்போல் மோரில் பெருங்காயத்தூளைத் தாராளமாகப் போட்டுக் கலக்கி மகனுக்குப் புகட்டினாள்.

அடுத்த வாரம் நாத்தனார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் வயிறு உப்பியது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"சோறு, இட்லி தவிர வேற என்னம்மா குடுக்கறீங்க?"

"பெருங்காய மோருங்க டாக்டர். தினமும் மூணு வேளை. வேற யாரையும் நம்பறதில்லீங்க, நானே என் கையால கலக்கிக் குடுக்கறேன்" என்றாள் பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கடையில விக்கிற பெருங்காயத்தூள்ல கோதுமை மாவு கலந்திருக்குமேம்மா! டப்பாவுலயே போட்டிருப்பாங்க. உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"