பக்கவாசல்

"சாமி சத்தியமா நான் கட்டல சார்! என் பிள்ளைங்க மேல ஆணை!"

மதுக்கடை மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டார். நில அளவையர் நம்பவில்லை. போன வாரம் வரை பிரார்த்தனைக் கூடத்தின் பக்கவாசல் இருந்த இடத்தில் இப்போது செங்கல் சுவர் ஒன்று நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தார். சிமெண்டில் இன்னும் ஈரம்.

"நீ கட்டலன்னா செங்கல்லு தானா நடந்து வந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துக்கிச்சா?"

"எனக்கு லாபம்னா நான்தான் பண்ணியிருக்கணுமா சார்? மழை பேஞ்சா குடைக்கடைக்காரனையா புடிப்பீங்க?"

அளவையருக்குச் சிரிப்பு வரவில்லை. வழிபாட்டு இடத்திலிருந்து நூறு மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது என்பது சட்டம். வாசலுக்கு வாசல், ஆள் நடக்கும் வழியில் அளக்க வேண்டும். பக்கவாசலிலிருந்து அளந்தால் தொண்ணூற்றேழு. கடை போயே தீரும். முன்வாசலிலிருந்து தெருவைச் சுற்றி வந்தால் நூற்று முப்பத்தொன்று. கடையை யாரும் அசைக்க முடியாது. சுவரால் யாருக்கு ஆதாயம் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அவர் கூடத்தின் மர பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். ஓய்வு பெற நான்கு மாதங்கள்தான். இந்தத் தெருவை அளப்பது இது மூன்றாவது தடவை. பதினோரு வருடங்களுக்கு முன் எல்லா மதத்துப் பெரியவர்களும் ஒன்றாகப் போய் அமைச்சரைப் பார்த்தார்கள். நூறு மீட்டர் சட்டம் வந்தது, கடை இடம் மாறிப் போனது. அடுத்து ஆட்சிக்கு வந்தவர்கள் அதை ஐம்பது ஆக்கினார்கள். போன கடை திரும்பி வந்தது. இப்போது தேர்தல் வருகிறது. பெரியவர்கள் மறுபடி அமைச்சரைப் பார்த்தார்கள், மறுபடி நூறு.

"சட்டம் ரப்பரா இருக்கு. என் கையில இருக்கிற அளவு நாடாதான் இரும்பு" என்று முணுமுணுத்தார்.

ஆனாலும் அந்த முதல் தடவையை அவர் மறக்கவில்லை. முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று கடவுளுக்கு நன்றி சொல்லி நிம்மதியாகத் தூங்கிய நாள் அது ஒன்றுதான்.

"தண்ணி குடிங்க ஐயா. வெயிலு ஆளையே தின்னுது."

சாவிக்காரர் டம்ளரை நீட்டினார். கூடத்தைத் திறப்பதும் பூட்டுவதும் பெருக்குவதும் அவர்தான். மெலிந்த மனிதர். அதிர்ந்து பேசமாட்டார்.

"சார், இவரையே கேளுங்க!" மேற்பார்வையாளர் பிடித்துக்கொண்டார். "தினம் சாயங்காலம் என் கடை முன்னாடிதான் நிப்பாரு. எவன் தள்ளாடினாலும் தோளைக் குடுத்து, வீட்டு வாசப்படி வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வருவாரு. பாதி பேருக்கு, 'போதும், எந்திரி தம்பி'ன்னு சொல்லி இரண்டாவது பாட்டிலையே வாங்க விடமாட்டாரு. என் வியாபாரத்துக்கு முதல் எதிரியே இவர்தான். இவர் பொய் சொல்லமாட்டாரு."

"சரி, நீ கடைக்குப் போ. கூப்பிடுறேன்" என்று அவரை அனுப்பிவிட்டு, அளவையர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்க பெரியவரே. பயப்படாதீங்க. அவன் ஆயிரம் சத்தியம் பண்ணட்டும். சுவரு மோசடின்னு நான் எழுதிடறேன். பழைய வாசல்தான் கணக்கு. தொண்ணூத்தேழு. அடுத்த வாரம் கடை மூட்டை கட்டிக்கிட்டு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போயிடும். நீங்க இங்க ஒரு சாட்சிக் கையெழுத்து மட்டும் போடுங்க."

பேனாவை நீட்டினார். சாவிக்காரர் அதை வாங்கவில்லை.

"பதினோரு வருசத்துக்கு முன்னயும் அங்கதான் ஐயா போச்சு. அப்பவும் நீங்கதான் அளந்தீங்க."

"ஞாபகம் வச்சிருக்கீங்களே!" அளவையரின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. "அன்னைக்கு உங்க ஆளுங்க அத்தனை பேரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க."

"நானும் கும்பிட்டேன் ஐயா."

"அப்புறம் என்ன? போடுங்க கையெழுத்து. யாருக்குப் பயம்? அந்தச் சுவரை எவன் கட்டியிருந்தாலும் நான் பாத்துக்கறேன்."

சாவிக்காரர் கூடத்தின் உள்ளே ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் மெதுவாக விரித்துக் காட்டினார். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் சிமெண்ட் காய்ந்திருந்தது.

"நான்தான் கட்டினேன். முன்ன கொத்தனார் வேலை பாத்தவன்தானே."

அளவையர் பேனாவை நீட்டியபடியே இருந்தார்.

"அன்னைக்கு உங்க அளவுல ஒரு தப்பும் இல்லீங்க ஐயா. கடை அந்தப் பக்கம் போன ஒன்பதாம் நாள், குடிச்சிட்டு அந்த நெடுஞ்சாலையத் தாண்டி வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்த என் மகன்தான் வந்து சேரல."

அளவையர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். நாடாவின் ஒரு முனையை அந்தச் சிமெண்ட் கையில் கொடுத்துவிட்டு, முன்வாசலை நோக்கி நடந்தார்.