இட்வால் தேறாத நடைப் பரீட்சை

பாதி வழியிலேயே இட்வால் வேண்டுமென்றே நின்றுவிட்டார்.

சின்னத் தேவாலயக் கூடத்துத் தரையில் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள். ஒலிப்பெட்டியில் அடுத்த 'பீப்' சத்தம் வருவதற்குள் எதிர்க் கூம்பைத் தொட வேண்டும். சத்தம் போகப் போக வேகமெடுக்கும். பிந்தினால் பரீட்சை முடிந்தது.

“டேய் இட்வால், சுரங்கத்து நொண்டிக் குதிரைகூட உன்னைவிட வேகமா நடந்துச்சேடா!” என்று நாற்காலியிலிருந்து கத்தினார் அவரோடு சுரங்கத்தில் வேலை பார்த்த ஹைடன்.

எல்லாரும் சிரித்தார்கள், பிறகு எல்லாரும் இருமினார்கள். நிலக்கரிச் சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆயிற்று. தூசி மட்டும் யார் நெஞ்சையும் விட்டுப் போகவில்லை.

இட்வாலால் நடக்க முடியும். அதுதான் கொடுமை. இந்த நுரையீரல் பயிற்சி வகுப்புக்கு வந்த புதிதில் மாடிப்படி ஏறவே நாக்குத் தள்ளியது. இப்போது மேட்டுக் கடைவரை போய் ரொட்டி வாங்கி வருகிறார்.

ஆனால் வகுப்பு இன்றோடு முடிகிறது. மனைவி மோர்வென் இறந்தபிறகு, இட்வாலைப் பெயர் சொல்லி யாராவது கூப்பிடுவது இந்தச் செவ்வாய்க்கிழமைகளில்தான். மற்ற நாட்களில் தன் குரலே அவருக்கு மறந்துவிடுகிறது.

ஃபெயிலானவனைத் திரும்ப அதே வகுப்பில்தானே உட்கார வைப்பார்கள்? ஒரு வாரமாக யோசித்துப் போட்ட கணக்கு இது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். இந்த வயதில் இப்படியொரு கூத்தா என்று வெட்கமாகவும் இருந்தது.

பயிற்சியாளர் மெலெரி அவர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள். “ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு?”

“கால் வரலம்மா.”

தேநீர் வந்தது. மெலெரி கை தட்டி எல்லாரையும் கூப்பிட்டாள்.

“நல்லா நடந்தவங்க எல்லாரும் அடுத்த வாரத்துலேர்ந்து வியாழக்கிழமை இங்கயே வந்துடுங்க. இனிமே நிரந்தரக் குழு. வருஷம் பூரா நடக்கும், டீயும் உண்டு!”

ஹைடன் விசிலடித்தார். நாற்காலிகள் நெருங்கின, யார் யாரைக் காரில் ஏற்றிக்கொள்வது என்று பேச்சு கிளம்பியது.

மெலெரி இட்வாலின் பக்கத்தில் வந்து குனிந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மனசைத் தளர விடாதீங்க. வீட்லயே உக்காந்தபடி செய்யற பயிற்சியெல்லாம் சொல்லித் தர்றேன். இனிமே இவ்வளவு தூரம் வந்து நீங்க கஷ்டப்படவே வேணாம்.”

நடித்தேன் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. கூடம் நிறைய ஆட்கள்.

“அதுவும் சௌகரியந்தான்மா,” என்றார் இட்வால்.