மாதிரி வீடு

வாசலில் அக்காவைக் கண்டதும் தம்பியின் முகம் வெளிறியது. மறுகணம் முன்பின் தெரியாதவன் போல் திரும்பி நின்றுகொண்டான்.

தையல்காரிக்குச் சுருக்கென்றது. சொல்லாமல் கொள்ளாமல் வீடு வாங்க வந்து நின்று அவனை அசத்த வேண்டும் என்றுதான் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். இன்னும் கட்டி முடியாத அந்த அடுக்குமாடியில், வாங்க வருபவர்களுக்குக் காட்டவென்று ஒரே ஒரு வீட்டை மட்டும் முதலில் முடித்து அலங்கரித்து வைத்திருந்தார்கள். அலங்கரித்தவன் அவள் தம்பி.

"உள்ள வாங்கம்மா," என்றார் விற்பனை மேலாளர். "நானூறு சதுர அடின்னு சொன்னா யாராச்சும் நம்புவாங்களா?"

நம்ப முடியவில்லைதான். ஜன்னலுக்கு எதிரே சுவரளவு கண்ணாடி. அதனால் ஜன்னல் இரண்டாகியிருந்தது, வெளிச்சமும் இரண்டு பங்கு. திரைச்சீலை கூரையிலிருந்து தரைவரை இறங்கியதில் சுவரே ஒரு முழம் வளர்ந்த மாதிரி இருந்தது. சோபாவுக்கு ஒல்லிக் கால்கள் வைத்து, அடியில் தரை தெரியும்படி விட்டிருந்தான்.

படுக்கையறையில் கட்டில் போட்ட பிறகும் ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷினுக்குத் தாராளமாக இடம் இருந்தது. பழக்கத்தில் கை தானாகப் பைக்குள் போய் டேப்பைத் தொட்டது. உடனே வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். தம்பி செய்த வீட்டை அளந்து பார்ப்பதாவது.

அதற்குள் எட்டாவது படிக்கும் மகள் தலையணையில் தலைவைத்து மல்லாந்துவிட்டாள்.

"ஏய், செருப்புக் காலை மெத்தையில வைக்காதடி."

"நான் எங்கம்மா வச்சேன்? காலு வெளியிலதான் தொங்குது."

"அப்பா மாதிரியே ஒட்டடைக்குச்சியா வளந்துட்டுப் போ. எழுந்திரு மொதல்ல."

"விரிப்பு கசங்கிடும் பாப்பா," என்று மேலாளரும் சிரித்துக்கொண்டே அவளை எழுப்பிவிட்டார்.

மேஜைக்கு வந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருந்தார் மேலாளர். பதினாறு வருடம் வாடகை வீட்டுச் சுவருக்குள் துணி தைத்தவள் அவள். காலையில் கண்மூடி வேண்டிக்கொண்டுதான் கிளம்பியிருந்தாள். பேனாவைத் திறந்தாள்.

"சார், இவங்க வேணாம்."

தம்பிதான். ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்து நின்றான்.

"ஏன், தெரிஞ்சவங்களா?"

"எங்க ஏரியால தைக்கறவங்க. மாசாமாசம் கட்ட இவங்களால ஆகாது சார். பாதியில விட்டுட்டா உங்களுக்குத்தான் தலைவலி."

மேலாளரின் சிரிப்பு அப்படியே உள்ளே போயிற்று. "நல்லா யோசிச்சிட்டு இன்னொரு நாளைக்கு வாங்கம்மா," என்று காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எங்க ஏரியால தைக்கறவங்க. அவள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு மகளோடு எழுந்தாள். தம்பி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை.

தெருவில் இறங்கி நடந்தபோது பழைய ஒற்றை அறை கண்முன் வந்து நின்றது. அவன் படம் வரையப் பெரிய தாள் விரிக்க வேண்டும், தரை போதாது. அன்றைக்கு மெஷினை அடுப்படிக்குத் தள்ளியவள்தான், அடுப்புச் சூட்டில் உட்கார்ந்து தைத்தே அவனைப் படிக்க வைத்தாள். ஊரார் சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பாள். அவன் வாயாலா?

"மாமா ஏம்மா அப்படிச் சொன்னாரு?"

"சின்னதையெல்லாம் பெருசா காட்டறதுதான்டி உங்க மாமா வேலை. நம்மளை மட்டும் சின்னதா காட்டிட்டாரு."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருந்தும் அவனைத் திட்ட வாய் வரவில்லை. 'எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும், கடவுளே' என்றுதான் மனம் முணுமுணுத்தது.

பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. தம்பி. வேர்த்து விறுவிறுத்திருந்தான். எப்போதும் கழுத்தில் தொங்கும் அலுவலக அடையாள அட்டையைக் காணோம்.

"எதுக்குடா வந்த? என்னால ஆகாதுன்னு உனக்கு யாரு சொன்னா? உன் படிப்புக்குக் கட்டின கைடா இது."

அவனுக்கு மூச்சு வாங்கியது. "டேப்பைக் குடுக்கா."

"என்னது?"

"உன் பையில இருக்கும்ல? குடு. அந்தாள் எதிர்ல என்னால எதுவும் சொல்ல முடியல."

ஒன்றும் புரியாமல் எடுத்துக் கொடுத்தாள். அவன் அக்கா மகளை பஸ் நிறுத்தக் கம்பத்தோடு ஒட்டி நிமிர்ந்து நிற்க வைத்தான். குதிகாலிலிருந்து உச்சந்தலைவரை டேப்பைப் பிடித்தான்.

"எவ்ளோ இருக்கு? நீயே பாத்துச் சொல்லு."

"அறுபத்திரண்டு அங்குலம். அதுக்கென்ன இப்போ?"

அன்று முதன்முறையாக அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"அந்தக் கட்டில் ஐம்பத்தெட்டுதான்க்கா, ரூம் பெருசா தெரியணும்னு நான்தான் குட்டையா செய்யச் சொன்னேன்."