அரை மணி போதும்

"அந்த மணியை அழுத்தாதே. அது என்னைக்கு அடிச்சிருக்கு, இன்னைக்கு அடிக்க?" என்றாள் நர்ஸ்.

தையல்காரி விரலை எடுத்துக்கொண்டாள். நான்காம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்று இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. உள்ளே இரண்டு பெட்டிகள், மூன்று தோழிகள், அவர்களில் ஒருத்தியான பஸ் டிரைவரின் செல்போன் வெளிச்சம். மணி நாலு பத்து. நாலரைக்கு ரயில்.

ஸ்டேஷன் தெருமுனையில்தான். ஆனால் இந்த ரயிலை விட்டால் அடுத்தது நாளை மாலை; பஸ்ஸும் அவ்வளவு தூரம் போகாது. நாளைக் காலை பத்து மணிக்குள் சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால், வேலை பட்டியலில் அடுத்தவளுக்குப் போய்விடும். அண்ணன் ஆறு மாதம் அலையாய் அலைந்து வாங்கித் தந்த வேலை அது.

லிஃப்டை நிறுத்தச் சொன்னவளே தையல்காரிதான். காலையில் வாட்ச்மேனிடம் போய், "நாங்க மூணு பேரும் ஏறினதும் மெயினை அணைச்சிடுங்கண்ணே. அரை மணி போதும்" என்று கெஞ்சியிருந்தாள். அவர் திட்டித் துரத்துவார் என்று பார்த்தால், அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

செய்தது பச்சைத் துரோகம் என்று அவளுக்கே தெரியும். இங்குள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸின் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் துணிந்தாள். அப்படியும் மனசு குத்தியது.

ஒன்பது வருடமாக இந்த ஊரைத் திட்டாத நாள் நர்ஸுக்குக் கிடையாது. துருப்பிடித்த தண்ணீர், தோண்டிப் போட்டு மூடாத தெரு, வாரம் மூன்று முறை மக்கர் செய்யும் லிஃப்ட். "இதெல்லாம் ஒரு ஊரா? ஒரு நாள் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டே இருப்பேன் பாரு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அந்த நாள் வந்தேவிட்டது.

ஆனால் தையல்காரிக்கு இந்த ஊர் என்றால் இந்த இரண்டு பேர்தான். ஒரு மிஷினோடு தன்னந்தனியாக வந்து இறங்கியவள் அவள். மழைத்தண்ணீர் கடைக்குள் புகுந்தபோது முழங்கால் தண்ணீரில் நின்று மிஷினைத் தூக்கியவர்கள் இவர்கள். நர்ஸ் மஞ்சள்காமாலையில் விழுந்தபோது, லிஃப்ட் வேலை செய்யாமல், ஆறு மாடியும் அவளை முதுகில் சுமந்து இறங்கியவள் டிரைவர். ஒவ்வொருத்தி வீட்டுச் சாவியும் மற்ற இருவரிடமும் இருந்தது.

"கதவைத் தட்டிப் பார்க்கலாமா?" என்று தையல்காரி ஒப்புக்குக் கேட்டாள்.

"சும்மா கத்தி மூச்சை வீணாக்காதே" என்றாள் டிரைவர். பஸ்ஸை ஒரு நிமிடம் தாமதமாக எடுத்தாலும் தன்னையே திட்டிக்கொள்கிறவள், இன்று பெட்டிமேல் சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸும் உட்கார்ந்தாள்.

"வந்த அன்னைக்கே திரும்பிடலாம்னுதான் இருந்தேன்" என்றாள் நர்ஸ், தையல்காரியைப் பார்த்து மெதுவாக. "யாரோ தண்ணிக் குழாய்ல கரண்டியால தட்டுற சத்தம் கேட்டுது. என்னடான்னு எட்டிப் பார்த்தா நீ நிக்கிற. தண்ணி வந்திருக்கு, குடத்தை எடுத்துட்டு ஓடி வான்னு சொன்னே. பேர்கூடக் கேக்கல. எங்கம்மாவுக்கு அப்புறம் என்னை அப்படிக் கூப்பிட்டது நீதான்."

தையல்காரியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். பேசாம உட்காரு" என்றாள் நர்ஸ்.

மணி நாலே முக்கால். ரயில் வந்த சத்தம் இன்னும் கேட்கவில்லை. வழக்கம்போல் லேட். தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரை மணி தாண்டிவிட்டது; இப்போது கதவு திறந்தால்கூட ஓடிப் பிடித்துவிடலாம். நல்லவேளை, பாவம் நம் தலையில் விழவில்லை, நன்றாகப் போய் வரட்டும் என்று மனசார நினைத்து, கதவை இரண்டு கையாலும் தட்டி வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஐந்தேகாலுக்கு ரயிலின் ஊதல் கேட்டது. ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, தேய்ந்து, மறைந்தது. அடுத்த நிமிடமே விளக்கு எரிந்து லிஃப்ட் இறங்கத் தொடங்கியது.

கீழே வந்ததும் நர்ஸ் அண்ணனுக்குப் போன் செய்து, லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். அவர் கத்துவது வெளியே கேட்டது. நர்ஸ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு டிரைவர் பெட்டிகளைத் தூக்க, இருவரும் மேலே போனார்கள்.

தையல்காரி நேராக வாட்ச்மேனிடம் போனாள். கண் கலங்கியிருந்தது.

"நான் அரை மணிதானே கேட்டேன்? ஒரு மணிக்கு மேல ஆக்கிட்டீங்களே. அவ வேலையே போச்சுண்ணே."

வாட்ச்மேன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"நீங்க அரை மணி கேட்டீங்க. டிரைவரம்மா ஒரு மணி கேட்டாங்க. ஆனா முந்தாநாளே முதல் ஆளா வந்து, 'ரயில் லேட்டா வந்தாலும் வரும், கிளம்பிப் போற சத்தம் கேட்டப்புறம் திறங்கண்ணே'ன்னு கேட்டுக்கிட்டது நர்ஸம்மா."