கழற்றப்பட்ட மீட்புப் பட்டை

மலையில் விழுந்தவனைத் தூக்கிச்செல்ல ட்ரோன் வரவேண்டுமென்றால், அவன் மணிக்கட்டில் மீட்புப் பட்டை இருக்கவேண்டும். அந்தப் பட்டையின் வாடகை இவ்வாண்டு மூன்றாம் முறையாக ஏறியது. மலையேற்றக் கட்டணத்தை இருமுறை உயர்த்திக் கூட்டத்தை இழந்த முதலாளி சபாபதி, இம்முறை வழிகாட்டி பெள்ளனின் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

“உனக்கெதுக்குப்பா? மலைக்கே உன்னைத் தெரியுமே!”

“விழுந்தா, பாறை ஆள் பார்த்தா அடிக்கும், மொதலாளி?”

ஏற வந்த ஐவரும் பட்டை ஒளிரும் கைகளோடு காத்துநின்றனர். இருபதாண்டுகளாக இத்தகையோரைத் தோளில் தாங்கியவனின் உயிரே முதலில் குறைக்கத்தக்க செலவாயிற்று! பெள்ளன் கொதித்தான். நாற்காலியை விட்டு நகராத சபாபதியின் மணிக்கட்டிலும் ஒரு பட்டை ஒளிர்வதை அப்போதுதான் கண்டான்.

இடுப்பில் கட்டியிருந்த மலையேற்றக் கயிற்றை அவிழ்த்து அவர் மடியில் எறிந்தான்.

“பட்டை கட்டினவங்க ஏறட்டும். முன்னால நீங்க போங்க.”