இன்னும் கொஞ்சம் கிட்ட

அப்பா மறுபடியும் உதைத்தார்.

கட்டிலில் வேறு யாரும் இல்லை. போர்வை சுருண்டு கீழே விழுந்தது. கண் மூடியேதான் இருந்தது. ஒரு கை மட்டும் காற்றில் யாருடைய சட்டையையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"மைக்கக் குடுங்க. நான் இன்னும் பேசி முடிக்கல" என்றார், தூக்கத்தில்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய் அம்மாவை எழுப்பலாம்.

எழுப்பினால் அம்மா சிரிப்பாள்.

அம்மா ஹாலில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. குறட்டை தாங்கலீங்க என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறாள். உதைத்தது தெரிந்தால் மனுஷன் சோறு இறங்காமல் உட்கார்ந்துவிடுவாராம். அம்மாவின் முழங்கையில் பட்ட அடி பச்சையாகி, இப்போது மஞ்சளாகியிருக்கிறது. ஆபீசில் கேட்டவர்களுக்குப் பஸ் கம்பி இடித்துவிட்டது. மகளிடம் மட்டும்தான் நிஜம், அதுவும் சிரித்துக்கொண்டே.

"உங்கப்பாவுக்குப் பகல்ல டிவிக்காரனோட சண்ட. ராத்திரி என்னோட சண்ட. எலெக்‌ஷன் முடியட்டும், எல்லாம் அடங்கிரும்."

அவளும் முதலில் சிரித்தாள்.

அப்பாவின் வேலையே தூக்கம்தான். பல்கலைக்கழகத்தில் ஈக்கள் எப்படித் தூங்குகின்றன என்று பார்க்கிறார். வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. சாப்பிட உட்கார்ந்தால் ஈயில் ஆரம்பித்து மந்திரிசபையில் போய் நிற்பார். தனியாக அடைத்துவைத்த ஈக்குத் தூக்கம் குறைந்துவிடும் என்பார். யாரையாவது பிடித்து உள்ளே போட்ட செய்தி டிவியில் ஓடினால் அதையே இன்னொரு தரம் சொல்வார், குரலைக் கொஞ்சம் உயர்த்தி. "ரசத்த ஊத்திக்கிட்டுப் பேசுங்க" என்பாள் அம்மா.

அப்படி ஒருநாள் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொன்னதுதான்.

கனவு வரும்போது மூளை உடம்பைப் பூட்டிவிடுமாம். கண் உருளும், மூச்சு ஓடும், மற்றதெல்லாம் அசையாது. பூட்டாவிட்டால் கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிவிடுவான்.

பூட்டு கழன்றுவிட்டால், என்று அவள் கேட்டாள்.

"சில பேருக்குக் கழலும் கண்ணு. அம்பது வயசுக்கு மேல. அதுல நெறையப் பேருக்கு, பத்து வருசம் கழிச்சுப் பாத்தா கை நடுங்க ஆரம்பிச்சிருக்கும். நட சுருங்கிரும். மூஞ்சில சிரிப்பே வராது."

சொல்லிவிட்டு மோரை வாங்கிக்கொண்டார்.

அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு.

அப்பா சொன்னதை அப்படியே போனில் அடித்தாள். முதல் படத்தில் ஒரு கிழவர் குனிந்து நடந்துகொண்டிருந்தார். போனைக் கவிழ்த்துவைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அப்பா காப்பி குடிக்கும்போதெல்லாம் அவள் பார்வை டம்ளரிலேயே இருந்தது. கை நடுங்கவில்லை. நடுங்காததும் பயமாக இருந்தது.

அவரிடம் எப்படிச் சொல்வது? தூங்குகிறவருக்குத் தன் தூக்கம் தெரியாது. அம்மாவுக்கு இது சிரிப்பு. வீட்டில் இது என்னவென்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் வாயைத் திறக்கிற வரைக்கும் அப்பா நன்றாகத்தான் இருக்கிறார்.

அப்பாவின் முஷ்டி சுவரில் போய் மோதியது.

அந்த வலியில் அவரே விழித்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்தார். விரல் கணுக்களைத் தடவிப் பார்த்தார். கீழே கிடந்த போர்வையைப் பார்த்தார். பிறகுதான் அவளைப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"ரண்டு வாரமாங்ப்பா."

"கண்ணு மூடியிருந்துச்சா?"

"மூடித்தானுங்ப்பா இருந்துச்சு."

"பேசுனனா?"

தலையாட்டினாள்.

"அப்ப அம்மா ஹாலுக்குப் போனது குறட்டைக்கில்ல."



லேபில் மாணவர்களைக் கேட்பதுபோலவே கேட்டார். குரல் கொஞ்சமும் மாறவில்லை. போடி கிறுக்கி, போய்ப் படு என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் போய்ப் படுத்திருப்பாள்.

அவர் எழுந்து ஹாலைத் தாண்டிச் சமையலறைக்குப் போனார். அம்மாவின் கால் மிதிபடாமல் சுற்றிக்கொண்டு போனார். அவளும் பின்னால் போனாள். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளுக்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏதாச்சும் ஒரு டப்பாவ எடுத்து மூக்குக்கிட்டக் காட்டு. எதுன்னு சொல்லாத. நானே எடுத்தா எனக்குத் தெரிஞ்சு போயிரும்."

"எதுக்குங்ப்பா?"

"பூட்டு கழண்டவங்கள்ல பாதிக்கு மேல மூக்கும் மந்தமாயிருக்கும். மூக்கு நல்லாருந்துச்சுன்னா இன்னிக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம். வெறும் எலெக்‌ஷன்தான், உங்கம்மா சொன்னதுதான் சரின்னு வெச்சுக்கலாம்."

அவள் கை அலமாரியில் ஏறி இறங்கியது. சீரகம் வேண்டாம். மிளகு வேண்டாம். காப்பித்தூளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள். அப்பா ஜெயிக்கிற மாதிரி ஒன்று வேண்டும். எந்த மூக்கும் தவறவிட முடியாத ஒன்று.

பெருங்காய டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்ததுமே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நீட்டினாள்.

அப்பா மூச்சை இழுத்தார். நிதானமாக, நீளமாக.

நெற்றி சுருங்கியது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட."

டப்பாவின் விளிம்பு அவர் மீசையில் இடித்துக்கொண்டிருந்தது.

"மூடியத் தொறந்தியா கண்ணு?"



ஹாலில் பாய் சரசரத்தது. தூக்கக் கலக்கத்தில் அம்மா கத்தினாள்.

"யாருடி அங்க? விடியறதுக்கு முன்னாடி பெருங்காயத்தத் தொறந்து வெச்சுக்கிட்டு? ஊடே நாறுது!"

அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.